பொத்தானுக்கு ஒரு பெயர் வையுங்கள்

நேற்று ஒரு கல்யாண ரிசப்ஷனில் டிஜே போட்டு முடித்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு தெரியாம எப்படிண்ணே பீட்டைச் சேர்க்கிறீங்க?"

காதால்தான் தம்பி என்றேன். ஓடும் பாட்டின் அடியும் அடுத்த பாட்டின் அடியும் ஒன்றாக விழ வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அரை நொடிக்கு ஒரு அடி விழும். ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போடும்போது ஒருவர் கை பிந்தினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் இல்லையா, அதே மாதிரிதான். ஹெட்போனில் கேட்கும் இரண்டாவது பாட்டு பின்தங்கினால் வேகத்தை மாற்றும் ஃபேடரை, அதாவது தள்ளு விசையை, ஒரு மயிரிழை தள்ளுவேன். ஃபேடரின் நடுப்புள்ளியில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும், விரலுக்குத் தெரியும். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற, இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளில் திரையே கிடையாது. வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், 8 சதவீதம் குறைக்கலாம், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு தலைமுறையே காதாலும் விரலாலும் மிக்ஸ் செய்தது.

எனக்குக் கஷ்டம் பீட்டில் இல்லை. லேப்டாப் திரையில் இருக்கிறது.

திரையில் இருப்பதை எனக்கு வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் ஸ்கிரீன் ரீடர். அது திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. "இங்கே என்ன இருக்கிறது?" என்று மென்பொருளிடம் கேட்டு, கிடைக்கும் பதிலை வாசிக்கிறது. டிஜே மென்பொருள்களில் பெரும்பாலானவை குமிழ், ஃபேடர், சுழலும் தட்டு எல்லாவற்றையும் தாங்களே அழகாக வரைந்துகொள்கின்றன. வரைந்தவர் அதற்குப் பெயர் எழுதி வைக்கவில்லை என்றால் எனக்குக் கேட்பது "பட்டன், பட்டன், பட்டன்". சில இடங்களில் வெறும் மௌனம். ஆயிரக்கணக்கான பாட்டு இருக்கும் பட்டியலில் எந்த வரியில் நிற்கிறேன் என்றே தெரியாது.

இது முடியாத வேலை இல்லை. ஆப்பிள் 2005-இலேயே மேக்கில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடரைச் சேர்த்துவிட்டது. ஆல்கோரிடிம் நிறுவனத்தின் டிஜே புரோ என்ற மென்பொருள் வாய்ஸ்ஓவரோடு நன்றாகவே பேசும். 2016-இல் ஆப்பிள் டிசைன் விருதும் வாங்கியது. கண்ணைப் பறிக்கும் தோற்றமும் இருக்கிறது, பொத்தான்களுக்குப் பெயரும் இருக்கிறது. மிக்ஸ் (Mixxx) என்ற இலவச டிஜே மென்பொருளில் கீபோர்டு கட்டளைகள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருக்கும். நோட்பேடில் திறந்து எனக்கு வேண்டிய வேலையை வேண்டிய கீயில் வைத்துக்கொள்ளலாம். ரெக்கார்டிங் பக்கம் ரீப்பர் என்ற மென்பொருளுக்கு, அதை ஸ்கிரீன் ரீடரோடு பேச வைக்கும் ஒசாரா என்ற துணை நிரல் இருக்கிறது. அதை எழுதத் தொடங்கியவர் ஜேமி டே. என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை மைக்கேல் கர்ரனோடு சேர்ந்து வளர்த்தவரும் அவர்தான். இருவருமே பார்வையற்றவர்கள். வெளியாட்கள் துணை நிரல் எழுத ரீப்பர் கதவைத் திறந்து வைத்திருந்ததால் ஜேமியால் உள்ளே போக முடிந்தது.

இன்னொரு சிக்கல் ஸ்கிரீன் ரீடரின் குரல். மண்டபத்தில் ஓடும் பாட்டு, ஹெட்போனில் அடுத்த பாட்டு, இரண்டுக்கும் நடுவே அந்தக் குரல். ஆரம்ப காலத்தில் ஒரு வளைகாப்பில், பாட்டு தணிந்த நேரம் பார்த்து "பேட்டரி 20 சதவீதம்" என்று பெரிய ஸ்பீக்கரிலேயே பேசிவிட்டது. கூட்டம் ஒரு கணம் அப்படியே நின்றது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் பாட்டுக்குக் கன்ட்ரோலரின் (லேப்டாப்போடு இணைக்கும் டிஜே பலகை) சவுண்ட் கார்டு, குரலுக்கு லேப்டாப்பின் சாதாரண ஜாக் என்று பிரித்துவிட்டேன். என்விடிஏ அமைப்புகளில் எந்த வழியாகப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியும். புதிதாக வருகிற தம்பி தங்கைகள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

மென்பொருளே பாட்டுகளை மாற்றிக்கொள்ளும் வசதியைச் சொல்லி, "ஆட்டோமிக்ஸ் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதானே" என்று அன்போடு சொல்கிறவர்கள் உண்டு. அந்த அன்பு எனக்கு வலிக்கிறது. நம் குத்துப் பாட்டுகளில் நிறைய திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது, மியூசிஷியன்கள் சிக்ஸ் எய்ட் என்பார்கள். மென்பொருள் பெரும்பாலும் நான்கு நான்காக எண்ணிப் பழகியது. அது நிமிடத்துக்கு 100 அடி என்று காட்டும் பாட்டுக்கு என் கால் 150 போடும். பழைய பாட்டுகளில் தபலாவும் டோலக்கும் ஆட்கள் நேரில் வாசித்தது; சரணத்தில் உற்சாகமாகி லேசாக ஓடிவிடுவார்கள். அங்கே வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் சிங்க் பொத்தான் தடுமாறும், காது தடுமாறாது. பறையிலிருந்து உருமிக்கு எந்த அடியில் மாறினால் கூட்டம் கத்தும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் தொழில். "பார்வையற்றவர்களுக்கு" என்று நாலு பொத்தானோடு எளிமையாக்கிய தனி ஆப்பும் எனக்கு வேண்டாம். மற்ற டிஜேக்கள் வைத்திருக்கும் அதே மென்பொருள்தான் வேண்டும், பெயர்களோடு.

போன வருடம் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் தானாகவே அப்டேட் ஆனது. பாட்டுப் பட்டியல் முழுக்க ஊமையாகிவிட்டது. மெயில் போட்டேன், கவனத்தில் கொள்கிறோம் என்றார்கள். பழைய பதிப்பைத் தேடி ஏற்றி அந்தக் கல்யாணத்தை ஒப்பேற்றினேன். இன்றும் அந்தப் பதிப்பு ஒரு பென்டிரைவில் என் பையிலேயே இருக்கிறது. வேலை லேப்டாப்பில் இணையமே கொடுப்பதில்லை.

என் நட்புப் பட்டியலில் மென்பொருள் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்விடிஏ இலவசம்தான். இன்று இரவு அதைப் போட்டு, மானிட்டரை அணைத்து, மௌஸை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் எழுதிய மென்பொருளில் ஏதாவது ஒரு வேலையை முழுதாக முடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று கமென்ட்டில் சொல்லுங்கள். உட்கார்ந்து பேசலாம்.