டை கட்டின ‘பழங்குடி’

நேத்து அந்த போட்டோ குரூப்ல நடந்த கூத்த பாத்திருப்பீங்க. வெள்ளக் கோட்டு, டை, தடிச்ச ஃப்ரேம் கண்ணாடி, கையில ஒத்தப் பூ. செய்து கெய்த்தாங்கற மாலி நாட்டு போட்டோகிராஃபர் எடுத்த படம். அதுக்கு அட்மின் குடுத்த கேப்ஷன் "ஆப்பிரிக்கப் பழங்குடி இளைஞர்". யோவ், டை கட்டியிருக்காருய்யா!

அவரு மாலி தலைநகரம் பமாகோவுல ஸ்டுடியோவுக்கு வந்த கஸ்டமர். கெய்த்தா 1948ல அங்க ஸ்டுடியோ திறந்தாரு, ஜனங்க காசு குடுத்து எடுத்துக்கிட்டாங்க. திரும்பச் சொல்றேன், காசு குடுத்து. எவனோ காட்டுக்குள்ள பூந்து கேமராவ நீட்டி புடிச்ச படம் இல்ல. கோட்டு இல்லாதவங்களுக்கு கோட்டு, வாட்ச், பேனா, ரேடியோ எல்லாம் ஸ்டுடியோவுலயே இருக்கும், முதல்ல பின்னாடி தொங்கவிட்டது அவரு கட்டில்ல விரிச்சிருந்த பெட்ஷீட்டு, காசு மிச்சம் புடிக்க பெரும்பாலும் ஒரே கிளிக், அந்த ஒரு கிளிக்ல எப்படி தெரியணும்னு வந்தவங்க யோசிச்சு நின்னிருக்காங்க.

"தெரியாம போட்டுட்டாரு, விடுங்க"ங்கறீங்க. சரி. 1991ல நியூயார்க்ல ஒரு கண்காட்சில இவரு படங்கள மாட்டி, எடுத்தவர் பேர் தெரியலன்னு எழுதி வச்சாங்க. அவங்களும் பாவம் தெரியாமத்தான். மனுஷன் அப்போ உயிரோட இருந்தாரு, 2001லதான் காலமானாரு.

"பழங்குடின்னா கேவலமா?"ன்னு ஒரு அண்ணன். கேவலமே இல்லண்ணே, நியாயமான கேள்விதான். ஆனா கோட்டு போட்ட வெள்ளக்காரன் படத்துக்கு இப்படி கேப்ஷன் வைப்பீங்களா? மெட்ராஸ் மியூசியத்துல தர்ஸ்டன்னு ஒரு துரை நம்ம தாத்தன் மூக்க அளந்து ரகம் பிரிச்சாரு, அந்த அளவுகோல் இப்போ நம்ம கைக்கு வந்துருச்சு போல.

"நீ ஆப்பிரிக்கா போயிருக்கியா?" போகல சார். நீங்க?

சாமுவேல் ஃபோஸோன்னு இன்னொரு ஆப்பிரிக்க போட்டோகிராஃபர். நைஜீரியாவுல நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போர்ல தப்பிச்சு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசோட தலைநகரம் பங்கியில 1975ல, 13 வயசுல ஸ்டுடியோ வச்சவரு. ரோல்ல மீந்த ஃபிலிம்ல தன்னையே எடுத்து நைஜீரியாவுல இருந்த பாட்டிக்கு அனுப்புவாரு, நல்லாருக்கேன்னு காட்ட. அதப் படிச்சப்போ எனக்கு எங்க அப்பாதான் வந்து நின்னாரு. சவூதி தம்மாம்ல டிரைவர். அங்கருந்து அனுப்பின படத்துல ஸ்டுடியோ கோட்டு, தோள்பட்ட ரெண்டு சைஸ் பெருசு, பக்கத்துல பிளாஸ்டிக் பூ ஜாடி. பின்னாடி நீல மையில "நான் நல்ல சௌக்கியம்". அந்த மாசம் முழுக்க அவருக்கு காய்ச்சல்னு அம்மாவுக்கு தெரிஞ்சது ஊருக்கு வந்தப்புறம்தான்.

போன பொங்கலுக்கு சித்தப்பா பையன் அந்த படத்த ஃபேமிலி குரூப்ல போட்டு "பெரியப்பா, கோட்டு யாரோடது?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிக்கிற எமோஜி போட்டாங்க. நானும் ஒண்ணு போட்டேன்.

அத விடுங்க. அட்மின் சார், கேப்ஷன மாத்துங்க. செய்து கெய்த்தா, பமாகோ. டைப் பண்ண அஞ்சு செகண்ட்கூட ஆவாது.