ரசிகர்கள் ஒரே இரவில் மாறிவிடவில்லை

“டபிள்யூ.டபிள்யூ.எஃப். வந்ததுமே அமெரிக்க ரசிகர்கள் உள்ளூர் மல்யுத்தத்தைக் கைகழுவிவிட்டார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்பது வின்ஸ் மெக்மேனின் மல்யுத்த நிறுவனம், இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) இது தவறு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தையே பாருங்கள். அந்த ஊர் மல்யுத்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வின்ஸ் மெக்மேன் வாங்கினார். 1984 ஜூலை 14, சனிக்கிழமை மாலை, டிபிஎஸ் கேபிள் சேனலில் வழக்கமான உள்ளூர் மல்யுத்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தவர்கள் முன்னால் வந்து நின்றது டபிள்யூ.டபிள்யூ.எஃப். கொதித்துப்போய் சேனலுக்குப் போன் போட்டார்கள், கடிதம் எழுதினார்கள். அந்த நாளுக்குக் ‘கறுப்பு சனிக்கிழமை’ என்றே பெயர் விழுந்தது. பார்வையாளர்களும் குறைந்தார்கள். மறு வருடமே அந்த ஒளிபரப்பு நேரத்தை இன்னொரு மல்யுத்த நிறுவனத்தை நடத்திவந்த ஜிம் கிராக்கெட்டுக்கு விற்றுவிட்டு மெக்மேன் வெளியேற வேண்டியதாயிற்று.

அப்புறம் ஏன் உள்ளூர் நிறுவனங்கள் வீழ்ந்தன? ‘உன் எல்லைக்குள் நான் வரமாட்டேன்’ என்று தங்களுக்குள் செய்துகொண்ட பழைய ஒப்பந்தத்தை நம்பியே அவை பிழைத்தன. கேபிள் டிவிக்கு எல்லை ஏது? டபிள்யூ.டபிள்யூ.எஃப்.காரர்கள் ஆளையும் இழுத்துக்கொண்டார்கள். மினியாபொலிஸ் நகரின் ஏ.டபிள்யூ.ஏ. என்ற மல்யுத்த நிறுவனத்திலிருந்து நட்சத்திர வீரர் ஹல்க் ஹோகன், பேட்டியாளர் ஜீன் ஓகர்லண்ட், வீரர்களின் மேலாளராக வரும் பாபி ஹீனன் என்று வரிசையாகப் போனார்கள். கூட்டம் சேர்க்கும் முகங்களே போனபின் அரங்கை எப்படி நிரப்புவது? அப்படியும் ஏ.டபிள்யூ.ஏ. 1991 வரை தாக்குப்பிடித்தது.