கோவலனை நல்லவனாக்கிக் கொன்றுவிட்டீர்கள்

சனிக்கிழமை தக்கலையில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு உள்பெட்டியில் கேட்கிறார்கள். ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். ஆம், பிள்ளைகளுக்காக நான் எழுதிக் கொடுத்த சிலப்பதிகார நாடகம்தான் அது. ஆம், அதை மேடையேற்றிய நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் வெட்டினீர்கள். கோவலனின் சந்தேகம் போய்விட்டது. மாதவி சூழ்ச்சிக்காரி ஆகிவிட்டாள். பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிடும் காட்சியும் போய்விட்டது. மொத்தப் பழியும் பொற்கொல்லன் தலையில் விழுந்தது. "நாயகன் தப்பு செய்வதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது சார்" என்றார் உங்களில் ஒருவர்.

கோவலனிடம் குறையே இல்லையென்றால் அவன் எதற்காக மதுரைக்குப் போகிறான்?

சிலம்பை விற்று, அதை முதலாக வைத்து, தொலைத்ததை மீட்க வேண்டும். அதுதான் அவனுடைய நோக்கம். அதைக் கெடுக்கப் பொற்கொல்லன் வருவது மிகவும் பிற்பாடு. முன்னோர் தேடிவைத்த செல்வத்தைத் தொலைத்தவன் கோவலன். மாதவி பாடியதைக் கேட்டு, இவள் மனத்தில் வேறு யாரோ இருக்கிறான் என்று கேட்காமல் கொள்ளாமல் முடிவுகட்டி எழுந்து போனவன் கோவலன். அவள் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தை வாங்க மறுத்தவனும் அவனே. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்த அடுத்த கடிதத்தை வாசித்தபிறகுதான், தவறு தன்னுடையது என்று உணர்கிறான். இளங்கோவடிகள் இதில் எதையும் மறைக்கவில்லை. மறைக்க நாம் யார்?

பாண்டியனைப் பாருங்கள். ஊடலில் எழுந்து போன தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரம் அவனுக்கு. அந்த நேரத்தில் காலில் விழுந்து ஒருவன் சொன்னதை நம்பிக் கொல்லச் சொல்லிவிடுகிறான். கோல் கோணாத மன்னன் என்ற பெயர்தான் அவனுக்கு உயிர். கோணச் செய்தது அவனுடைய சொந்த வாய். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், தானே கள்வன் என்று சொல்லி உயிரை விடுகிறான். அந்த ஆணையே இல்லாத நாடகத்தில் அவன் எதற்குச் சாகிறான்? சனிக்கிழமை முன்வரிசையில் இருந்தவர்களுக்கே புரியவில்லை.

ஊழ்வினைதானே காரணம், நூலே சொல்கிறதே என்று ஒரு தமிழாசிரியர் எழுதியிருக்கிறார். ஐயா, அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், அதாவது ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமன் என்பதும், நூலின் முகப்பிலுள்ள அதே பதிகத்தில்தான் இருக்கிறது. பிழை என்று இளங்கோவே சொன்னபிறகு எனக்கு வேறு பதில் தேவையில்லை. சமூகத்தை விட்டுவிட்டுத் தனிமனிதனைக் குறை சொல்கிறாய் என்கிறார் இன்னொருவர். சமூகமும் காரணம்தான். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. பிள்ளைகள் வீட்டில் பார்க்காததையா நான் மேடையில் காட்டினேன்? என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறேன், குடும்பத்தார் கோபித்தாலும் பரவாயில்லை. குழித்துறைக்குப் பக்கத்தில் ஆற்றோரம் ஒரு விளை, தோட்ட நிலம். அதில் வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அத்தையின் கையெழுத்து மட்டும் வேண்டும். அத்தை மறுத்ததே இல்லை. அண்ணன் வந்து கேட்கட்டும் என்றார், அவ்வளவுதான். ஒரு நாள் மட்டிப்பழக் குலை ஒன்றை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டு வாசல்வரை போனார் பெரியப்பா. யாரும் எழுந்து வந்து அழைக்கவில்லை என்று அப்படியே திரும்பிவிட்டார். அத்தை அடுக்களையில் இருந்திருக்கிறார். அண்ணன் வந்ததே அவருக்குத் தெரியாது. அந்தக் குலையைத் திண்ணை ஆணியில் மாட்டினார். தோல் கறுத்து, ஈ மொய்த்து, ஒவ்வொரு பழமாகக் காம்பு விட்டுத் தரையில் விழுந்தது. வீட்டில் ஒருவருக்கும் தொடத் தைரியம் வரவில்லை. விளையில் கடைசிவரை வீடு எழவில்லை. எந்த வில்லன் வந்து அவரைத் தடுத்தான்?

அவரை நான் வெறுக்கவில்லை. அவரை நினைத்துத்தான் கோவலன் கடிதத்தை மறுக்கும் காட்சியை எழுதினேன். அதையும் வெட்டிவிட்டீர்கள்.

நம் தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் 'சாய்வு நாற்காலி' எழுதினார். மூதாதையர் பெருமையைப் பேசிக்கொண்டே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்று, மனைவியைப் பிரம்பால் அடிக்கும் முஸ்தபாக்கண்ணு அதில் இருக்கிறார். 1997இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருதை மட்டும் எங்கள் மாவட்டத்துப் பெருமை என்று மேடைதோறும் சொல்வீர்கள். அந்த மனிதரைப் போன்ற ஒருவரைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் மட்டும் குற்றமா?

பாண்டியனாக நடித்த பையனை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? ஆணையைச் சொல்லிவிட்டுத் தேவியின் அறைப் பக்கம் நடக்க வேண்டும் என்று மட்டும்தான் நான் எழுதியிருந்தேன். ஒத்திகையில் அவன் இரண்டடி வைத்து நின்றான். காவலர்களைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, பிறகு நடந்தான். "கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம், ஆனால் ராஜாவுக்குச் சொன்னதை மாற்ற வெட்கம், இல்லையா சார்?" என்று கேட்டான். அவனுக்கு விளங்கியது உங்களுக்கு விளங்கவில்லை.

எனக்கு விளக்கம் அனுப்ப வேண்டாம். அந்தக் காட்சியை ஏன் எடுத்தோம் என்று அவனைக் கூப்பிட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த மேடையில் முழு நாடகத்தையும் போடுங்கள். முடியாதென்றால் அழைப்பிதழில் என் பெயரைப் போடாதீர்கள்.