கட்டம் போட்டுக் கண்டுபிடித்தால் அது கணக்கில்லையா?

என் அக்கா மகள் கட்டம் போட்டுச் சரியாகக் கண்டுபிடித்த ஒரு நிகழ்தகவுக் கணக்குக்கு, சூத்திரம் எழுதவில்லை என்று அவள் ஆசிரியர் நான்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். முந்தாநாள் நான் போட்ட அந்த விடைத்தாள் படத்துக்கு இவ்வளவு வியாக்கியானம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் அந்த ஆசிரியர் செய்தது சரி என்கிறார்கள். சரி, பேசிவிடுவோம்.

படம் தெளிவாக இல்லை என்றவர்களுக்காகக் கேள்வியைத் திரும்ப எழுதுகிறேன். இரண்டு பகடைகள் உருட்டப்படுகின்றன. முதல் பகடையில் இரட்டைப்படை எண் அல்லது முக எண்களின் கூடுதல் 8 கிடைப்பதற்கான நிகழ்தகவு காண்க. பத்தாம் வகுப்பு படித்தவர்கள் எல்லோரும் கடந்து வந்த கணக்கு. என் அக்கா மகள் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு 36 ஜோடிகளையும் எழுதியிருக்கிறாள். முதல் எண் 2, 4, 6 ஆக இருக்கும் மூன்று வரிசைகளை, அதாவது 18 கட்டங்களை, பென்சிலால் நிழலிட்டிருக்கிறாள். கூடுதல் 8 வருவது ஐந்து கட்டங்களில். அதில் (2,6), (4,4), (6,2) மூன்றும் ஏற்கெனவே நிழலுக்குள் வந்துவிட்டன. வெளியே நிற்பவை (3,5), (5,3) மட்டும். அந்த இரண்டையும் வட்டமிட்டு, மொத்தம் 20, ஆக 20/36, சுருக்கினால் 5/9 என்று முடித்திருக்கிறாள். விடை சரி. கிடைத்தது ஐந்துக்கு ஒரு மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மையில், "சூத்திரம் எங்கே?"

சூத்திரம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 18ஐயும் 5ஐயும் கூட்டி 3ஐக் கழி என்கிறது கூட்டல் தேற்றம். ஏன் கழிக்க வேண்டும்? பொதுவான மூன்று கட்டங்களை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. அவள் எண்ணும்போதே அதைப் பார்த்துக்கொண்டாள். தேற்றம் எதற்காக இருக்கிறதோ, அந்த வேலையைக் கையால் செய்து காட்டியிருக்கிறாள்.

நிகழ்தகவில் என்னென்ன நடக்கலாம் என்று ஒன்று விடாமல் எழுதுவதுதான் கணக்கே. மீதி வெறும் வகுத்தல். பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேர் 1754ல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 2/3 என்று வாதிட்டார். முதலிலேயே தலை விழுந்துவிட்டால் இரண்டாவது சுண்டலே வேண்டாமே, அது ஒரே வாய்ப்புதானே என்பது அவர் கணக்கு. தலை தலை, தலை பூ, பூ தலை, பூ பூ என்று நான்கையும் எழுதி எண்ணியிருந்தால் 3/4 வந்திருக்கும். அவ்வளவு பெரியவரே சறுக்கிய இடத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பொறுமையாக முழுசையும் எழுதியிருக்கிறாள். அதற்குத்தான் தண்டனை.

"பொதுத் தேர்வில் ஸ்டெப் மார்க் போய்விடும், இப்போதே பழக்குகிறார்" என்கிறார் ஒரு நண்பர். பழக்கட்டும். அரை மதிப்பெண்ணைக் குறைத்து "சூத்திரத்தையும் எழுது" என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நான்கைக் குறைப்பது பழக்குவதா? "ஆயிரம் தடவை சுண்டினாலும் கட்டம் போடுவாளா?" என்கிறார் இன்னொருவர். போட மாட்டாள். அப்போது சூத்திரத்தைத் தேடிப் போவாள், அதன் அருமையும் புரியும். "கட்டுக் கட்டாகத் திருத்தும் ஆசிரியரின் கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா?" தெரியும். என் அம்மா ஆசிரியையாக இருந்தவர். காலாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க விடைத்தாள்தான் கிடக்கும். வேறு வழியில் போட்ட கணக்கு வந்தால் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு முதல் வரியிலிருந்து படிப்பார். கஷ்டத்தைக் காட்டி என் வாயை அடைக்க வேண்டாம்.

"நாலு மார்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" இதுதான் எனக்கு வலிக்கிறது. போன வருடம் அப்பாவுக்கு ஒரு ஸ்கிரீனிங் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தது. 90 சதவீதம் சரியாகக் காட்டும் டெஸ்ட் என்று யாரோ சொல்ல, அப்பாவுக்கு நோய் இருப்பது 90 சதவீதம் உறுதி என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு அந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் ஒன்பதை டெஸ்ட் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். மொத்தம் 108 பாசிட்டிவ், உண்மையான நோயாளிகள் 9 பேர். பன்னிரண்டில் ஒருவர்! அம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்கார்ந்தார். அடுத்த பரிசோதனையில் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. பதினோராம் வகுப்பில் இதைப் பேயீஸ் தேற்றம் என்று படிக்கிறார்கள். சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அன்று எங்கள் வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர்கூட எழுதிப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது கேள்வியைப் படிப்பதற்கு முன்பே முதல் வரியில் சூத்திரத்தை எழுதி வைத்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால், "மார்க் வந்துடும் மாமா" என்கிறாள். இதை எப்படி நான் சும்மா விட முடியும்?

எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவரைத் திட்டவைப்பது என் நோக்கமில்லை. அந்த நான்கு மதிப்பெண் அவளுக்குத் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை அக்கா விடைத்தாளோடு பள்ளிக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன்.