மெமாங் நாரங்

மேகாலயாவின் காரோ மலைக்காட்டில் 'மெமாங் நாரங்' என்றொரு மரம் இருக்கிறது. காரோ மொழியில் மெமாங் என்றால் ஆவி, பேய். நாரங் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், நம் நாரத்தைக்கு உறவுச் சொல்தான். பேய் நாரத்தை! இறந்தவர்களுக்கான சடங்கில் காரோ மக்கள் இந்தப் பழத்தைப் பயன்படுத்துகிறார்கள். தாவரவியலில் இதன் பெயர் சிட்ரஸ் இண்டிகா. சிறு மரம், பழுத்தால் செம்மஞ்சளாகச் சிவக்கும் சின்னப் பழம், கடும் புளிப்பு. காட்டில் மிச்சமிருப்பவை கொஞ்சமே.

நாம் உரித்துத் தின்னும் ஆரஞ்சு காட்டில் பிறந்ததல்ல. பம்பளிமாஸும் மாண்டரின் என்ற சிறு நாரத்தை வகையும் கலந்து உண்டானது. எலுமிச்சையும் கலப்பினம்தான். இந்த நாரத்தை இனமே சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் கிளைத்துப் பரவியது என்கிறது 2018-ல் வந்த மரபணு ஆய்வு. மெமாங் நாரங் இன்னும் அந்தத் தாய்வீட்டுப் பக்கமே நிற்கிறது.

அது வளரும் காரோ மலையின் நொக்ரெக் பகுதி 1988-ல் உயிர்க்கோளக் காப்பகமானது, 2009-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் விதையை எடுத்து மரபணு வங்கியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாரத்தை இனத்து விதைகள் பலவும் உலர்த்தி உறைய வைத்தால் எளிதில் உயிரிழந்துவிடும். சரி, தோட்டத்தில் நட்டு வளர்ப்போம் என்றால், பக்கத்து மரத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்க்கும், அடுத்த தலைமுறையே கலப்பாகிவிடக்கூடும். காட்டிலோ ஒவ்வொரு கன்றும் புதுப்புதுப் பூச்சியோடும் பூஞ்சையோடும் மோதித்தான் மரமாகிறது. அந்த மோதலை எந்தக் குளிர்பெட்டிக்குள் வைப்பது?

2005-ல் புளோரிடாவில் 'கிரீனிங்' நோய் தென்பட்டது. சிறு பூச்சி பரப்பும் பாக்டீரியா. இருபது ஆண்டுக்குள் அங்கே ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஒட்டுக்கட்டி ஒரே அச்சில் வளர்த்த தோப்புகள், தாங்கவில்லை. நோயைத் தாங்கும் குணத்தைத் தேடி ஆய்வாளர்கள் போனது ஆஸ்திரேலியாவின் காட்டு எலுமிச்சைகளிடம்.

காரோ மலையில் காடு சுருங்குவதற்கு ஜூம் எனும் இடம்மாற்றுச் சாகுபடியையே குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது உறுத்துகிறது. நிலத்தை நீண்ட காலம் தரிசாக விட்டு, காடு திரும்ப முளைத்த பிறகே வெட்டிய முறை அது. இடம் குறைந்து தரிசுக் காலம் சுருங்கியதும், பாக்கு, முந்திரித் தோட்டங்கள் ஏறி வந்ததும் அந்த மக்கள் மட்டும் செய்த பிழையா? இந்த மரத்துக்குப் பெயர் வைத்து, சாவுக்கும் மருந்துக்கும் கூடவே வைத்திருந்தவர்கள் அவர்கள். காப்பகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு அந்த ஊர்களுக்குப் போகட்டும். எந்த ஓடையோரத்தில் எந்த மரம் காய்க்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும்.