ரெண்டு பத்து சேர்ந்தா இருபது இல்லைங்க!

மறுபடியும் ஐபி ஹாஷ், அதாவது ஐபி முகவரியைப் பார்த்து எந்தக் கேபிள்ல டேட்டா போகணும்னு முடிவு பண்ற முறை. சர்வர்ல ரெண்டு 10 கிக் (நொடிக்கு 10 கிகாபிட்) கேபிள் செருக வேண்டியது, இஎஸ்எக்ஸ்ஐ-ல (ஒரே சர்வர்ல பல விர்ச்சுவல் மெஷினை, அதாவது வி.எம்.களை, ஓட்டுற சாஃப்ட்வேர்) லோட் பேலன்ஸிங் பட்டியலைத் திறக்க வேண்டியது, டீஃபால்ட்டா இருக்கிறதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியது, ஐபி ஹாஷைத் தட்டி ஓகே கொடுக்க வேண்டியது. "இப்ப 20 கிக் வரும் பாருங்க." வரும் வரும். வாசல்ல கோலம் போட்டு வைங்க.

அந்த டீஃபால்ட் போர்ட் ஐடி முறை உங்களுக்கு என்னய்யா பாவம் பண்ணுச்சு? ஒவ்வொரு வி.எம்.மோட விர்ச்சுவல் போர்ட்டையும் ஒரு கேபிள்ல கட்டிவிடும். 30 வி.எம். இருந்தா கிட்டத்தட்ட 15-க்கு 15. ஸ்விட்ச்ல போர்ட் சேனல் (ரெண்டு போர்ட்டை ஒண்ணாக் கட்டுற ஏற்பாடு) எதுவும் வேண்டாம். ரெண்டு கேபிளையும் ரெண்டு தனித்தனி ஸ்விட்ச்ல போடலாம், ஒண்ணு செத்தா மத்தது தாங்கும். ஆனா பாருங்க, சும்மா வேலை செய்யுற எதையும் நமக்குப் பிடிக்காதே.

சரி, ஐபி ஹாஷ் அப்படி என்னதான் கணக்குப் போடுதுன்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா? அனுப்புற ஐபி, வாங்குற ஐபி, ரெண்டோட கடைசி எண்ணையும் எடுத்து எக்ஸ்-ஆர் (பைனரியில வேறுபடுற இடத்துக்கு 1, ஒத்துப்போற இடத்துக்கு 0) பண்ணி, கேபிள் எண்ணிக்கையால வகுத்து, மீதியைப் பார்க்கும். கேபிள் ரெண்டுன்னா முடிவு பண்றது ஒத்தைப்படையா இரட்டைப்படையாங்கிறது மட்டும்தான். சர்வர் ஐபி .11-ல முடியுது, ஸ்டோரேஜ் ஐபி .20-ல: எக்ஸ்-ஆர் 31, மீதி 1. "ஸ்டோரேஜுக்கு இன்னொரு ஐபி கொடுத்துட்டோமே!" என்ன ஐபி? .22. எக்ஸ்-ஆர் 29, மீதி மறுபடியும் 1. ரெண்டும் ஒரே கேபிள்ல முட்டிக்குது, பக்கத்துக் கேபிள் ஈ ஓட்டுது. .21 கொடுத்திருந்தா 30, மீதி 0. அதுவும் ரெண்டு ஐபியையும் ஒரே நேரத்துல பயன்படுத்தினாத்தான். ஒரே சர்வர்ல இருந்து ஒரே ஐபிக்கு பேக்கப் போனா, தலைகீழா நின்னாலும் 10-க்கு மேல போகாது.

அடுத்தது கூத்து. ஐபி ஹாஷுக்கு ஸ்விட்ச்ல போர்ட் சேனல் வேணும். போடாம விட்டா, ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) ரெண்டு போர்ட்லயும் மாறி மாறித் தலை காட்டும், ஸ்விட்ச் லாக்ல மேக் ஃப்ளாப்னு கதறும். லாக்கை யார் பார்க்கிறது? யாரோ ஒரு புண்ணியவான் பார்த்துட்டு, "எல்.ஏ.சி.பி. போட்டுட்டேன்"னு வந்து நிப்பார். எல்.ஏ.சி.பி.ங்கிறது ரெண்டு பக்கமும் பேசி வச்சு சேனல் கட்டுற முறை. ஸ்டாண்டர்டு வி-ஸ்விட்சுக்கு (இஎஸ்எக்ஸ்ஐ-க்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) அது தெரியாது சாமி! அதைப் பேசத் தெரிஞ்சது பல சர்வருக்கும் பொதுவான டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச்தான். இங்க ஸ்டாட்டிக், அதாவது 'ஆன்' மோடு மட்டும்தான்.

அதையும் மாத்தியாச்சா? இனிமேதான் இருக்கு. வி-ஸ்விட்ச்0-ல ஐபி ஹாஷ், ஸ்விட்ச்ல சேனல், எல்லாம் பச்சை. ஆனா இன்ஸ்டால் பண்ணும்போதே உருவாகிற 'மேனேஜ்மென்ட் நெட்வொர்க்' (சர்வரை நிர்வகிக்கிற இணைப்பு) போர்ட் குரூப்ல 'ஓவர்ரைடு'ன்னு, அதாவது வி-ஸ்விட்ச் சொல்றதைக் கேட்காதேன்னு, ஒரு டிக் உட்கார்ந்திருக்கும். வி-ஸ்விட்ச்ல எதை மாத்தினாலும் அது பழைய போர்ட் ஐடியையே பிடிச்சுத் தொங்கும். சர்வர் வி.எம்.நிக்0 (முதல் நெட்வொர்க் அடாப்டர்) வழியாப் பேசும். ஸ்விட்ச் தன் கணக்குப்படி பதிலை வி.எம்.நிக்1-ல அனுப்பும். "இது எனக்கான வழி இல்லையே"ன்னு சர்வர் அதைத் தூக்கிப் போட்டுடும்.

விளைவு? சர்வரோட நிர்வாகப் பக்கம் ஒருத்தர் லேப்டாப்ல திறக்குது, பக்கத்து நாற்காலிக்காரருக்குத் திறக்கலை. உடனே பிரவுசர் கேஷ் காலி. லேப்டாப் ரீஸ்டார்ட். டி.என்.எஸ். மேல சந்தேகம். ஃபயர்வால் டீமுக்கு போன், அவங்க வழக்கம்போல "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு". ஆன்டி-வைரஸையும் நிறுத்திப் பார்த்தாச்சு. கடைசியா ஒரு மேதை ராக் பின்னாடி போய் வி.எம்.நிக்1 கேபிளை உருவுறார். எல்லாருக்கும் திறக்குது! திறக்காம? சேனல்ல மிச்சம் இருக்கிறது ஒரே கேபிள், பதில் வேற எந்த வழியா வரும்? ஆனா தீர்ப்பு என்ன தெரியுமா? "கேபிள் ஃபால்ட்." புதுக் கேபிள் வருது, செருகுறாங்க, பாதிப் பேருக்கு மறுபடியும் போச்சு. "இந்தக் கேபிளும் ஃபால்ட்."

கேபிள் இல்லைங்க! அந்த டிக்!

மாத்தியே தீருவேன்னு அடம்பிடிச்சா, வரிசையாவது ஒழுங்கா இருக்கட்டும். கன்சோலைத் திறந்து வச்சுக்கிட்டு, முதல்ல ஸ்விட்ச்ல ரெண்டாவது போர்ட்டை ஷட் பண்ணுங்க. ஒரே கேபிள் உயிரோட இருக்கிறவரை எந்த பாலிசியும் யாரையும் வெளியே தள்ளாது. அப்புறம் சேனல், அப்புறம் வி-ஸ்விட்ச்ல ஐபி ஹாஷ். பிறகு ஒவ்வொரு போர்ட் குரூப்பையும் திறந்து ஓவர்ரைடை எடுங்க. ரெண்டு அடாப்டரும் ஆக்டிவ்ல இருக்கணும், ஸ்டாண்ட்பை கூடவே கூடாது. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ரெண்டாவது போர்ட்.

உண்மையிலேயே ரெண்டு கேபிளையும் உழைக்க வைக்கணுமா? வி-மோஷனுக்கு (ஓடுற வி.எம்.மை வேற சர்வருக்கு நகர்த்துறது) ரெண்டு வி.எம்.கே. போர்ட் (இஎஸ்எக்ஸ்ஐ-யோட சொந்த நெட்வொர்க் போர்ட்), ஒண்ணுல ஆக்டிவா இருக்கிற அடாப்டர் இன்னொண்ணுல ஸ்டாண்ட்பை. ஐஸ்கஸிக்கு (நெட்வொர்க் வழியா ஸ்டோரேஜ்) போர்ட் பைண்டிங், அதாவது ஒரு போர்ட்டை ஒரே அடாப்டரோட கட்டுறது, அதுல மத்த அடாப்டர் 'அன்யூஸ்டு'. ஸ்டாண்ட்பைன்னு வச்சா பைண்டிங்கே ஒத்துக்காது. டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் இருக்கிற பாக்கியசாலிகளுக்கு 'பிசிக்கல் நிக் லோட்' இருக்கு: 30 விநாடிக்கு ஒரு தடவை பார்க்கும், ஒரு கேபிள் 75 சதவீதம் தாண்டினா வி.எம்.மை அடுத்ததுக்கு நகர்த்தும். சேனலும் வேண்டாம் சண்டையும் வேண்டாம். ஆனா பட்டியல்ல அதைத் தாண்டிப் போய் ஐபி ஹாஷைத்தானே கை தேடும்!

சரி, எந்தக் கேபிள் எந்த போர்ட்லனு பார்த்து ஷட் பண்ணலாம்னு ஸ்விட்ச்சுக்குள்ள போனா, போர்ட் விவரக் குறிப்புல எழுதியிருக்கு: "சர்வர்". 48 போர்ட்லயும் அதேதான். ஒரே ஒரு போர்ட்ல மட்டும் அக்கறையா எழுதியிருக்காங்க: "சர்வர் புதுசு".