பெட்டியை மாற்றாமலே திறன் கூடும்
வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் மையக் கணினியான மெயின்ஃபிரேமின் திறனைக் கூட்ட முழு இயந்திரத்தையும் மாற்றியாக வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2022இல் வந்த ஐபிஎம் இசட்16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 200 கோர்கள் (கணக்கிடும் செயலி அலகுகள்) வரை, 40 டெராபைட் நினைவகம் வரை போகும். வாங்காத கோர்களும் பெட்டிக்குள்ளேயே சும்மா கிடக்கும். தேவைப்படும்போது உரிமம் பெற்று, இயந்திரத்தை நிறுத்தாமலே அவற்றை இயக்கிவிடலாம். ஒரு கோர் பழுதானால் உதிரிக் கோர் தானாகவே அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும். நான் பணியாற்றிய வங்கியில் மாதக் கடைசிச் சம்பளப் பட்டுவாடா நெருக்கடியை, கூடுதல் கோர்களை இப்படி இயக்கித்தான் சமாளித்தோம். கிளைகளில் ஒரு கவுன்டர்கூட நிற்கவில்லை. ஒரு பெட்டி போதாவிட்டால், பேரலல் சிஸ்பிளெக்ஸ் என்ற ஐபிஎம்மின் இணைப்புத் தொழில்நுட்பம் மூலம் 32 சிஸ்டம்கள் வரை இணைக்கும் வசதியும் இருக்கிறது. விலை கட்டுப்படியாகாது என்று மேலே உள்ள கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். அது நியாயமான குறைதான், ஆனால் அதற்கும் வன்பொருள் வடிவமைப்புக்கும் சம்பந்தமில்லை.